பழசண்ணனும் என் கடைவாய்ப்பல்லும்

ஒரு பல்லுக்குள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று ஆரையம்பதியில் பல் வைத்தியர்களை விடவும் அதிகமாக யோசித்த மனிதர் ஒருவர்தான். அவர் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் பழசண்ணன். எந்தப் பம்பைத் திருத்தினாலும், கழற்றிய பழைய சாமானைக் கழுவித் துடைத்து, பொலித்தீன் பையில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார்.

"இந்தாங்க உங்கட பழசு. புதுசு போட்டானா, போடல்லயா எண்டு நாளைக்கு ஒரு சந்தேகம் வரப்படாது."

வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அம்மன் கோயில் கிணற்றுப் பம்பைத் திருத்தியபோது, பொலித்தீன் பையைக் கையில் வாங்கப் பூசகர் ஐயா தயங்கினார். பழசண்ணன் யோசிக்கவே இல்லை. தேய்ந்துபோன பெயரிங் வளையத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதை என்னவென்று நினைத்தாளோ, பக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று முழுவதும் கிறீஸ் மையோடு திரிந்தாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் பம்பைத் திறக்கமாட்டார். திறப்பதற்கு முன்னால் கேள்விகள் கேட்பார். சத்தம் எப்போது வருகிறது? போட்டவுடனா, ஓட ஓடவா? நிறுத்தின பிறகும் வருகிறதா? ஒரு வீட்டில், "உங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதை, திறந்து பாருங்களன்" என்றார்கள். ஸ்குறூ ஆணி ஒன்றைக் கூடத் தொடாமல் திரும்பி வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் பல் வலித்தால் என்ன நடக்கும்? கன்னம் வீங்கி, டவுனில் உள்ள பல் வைத்தியரிடம் போனார். அந்த டொக்டர் கொழும்பில் வளர்ந்த இளம் பெண். ரூட் கனால் செய்ய வேண்டும், அதாவது பல்லைத் திறந்து, உள்ளே பழுதான நரம்பை எடுத்து, வேருக்குள் இருக்கிற குழாய்களைத் துப்புரவாக்கி அடைக்க வேண்டும் என்றார்.

பழசண்ணன் வாயை மூடிக்கொண்டார். "திறக்க முதல் எனக்குச் சில கேள்வி இரிக்கு. எத்தின குழாய்?"

"இந்தப் பல்லில மூண்டு இருக்கும் ஐயா. சில ஆக்களுக்கு நாலு."

"நாலாவத விட்டுட்டா?"

"அதுக்குள்ள கிருமி இருந்து மறுபடியும் வலிக்கும்."

"அப்ப வடிவாத் தேடுங்க. எனக்கு அவசரமில்ல."

வெளியில் காத்திருந்த பதினைந்து பேருக்கும் அவசரம் இருந்தது. ஆனால் அவர்களை யார் கேட்டார்கள்? எல்லாம் முடிந்ததும் அண்ணன் கையை நீட்டியிருக்கிறார். "பழசத் தாங்க."

"எந்தப் பழசு?"

"கழட்டின நரம்பு."

அதெல்லாம் கொடுக்க முடியாது, அந்தக் குப்பைக்கு வேறு விதி இருக்கிறது என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் டொக்டர் அதைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். நனைந்த நூல் துண்டு மாதிரி ஏதோ ஒன்று. அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இந்த நூலா என்னய ஒரு கிழம ஆட்டி வெச்ச?"

நூல் கிடைக்கவில்லை. எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து வந்து, தன் பட்டறைச் சுவரில் சோக்கட்டியால் ஒரு பல் வரைந்தார். ஆள் உயரம், மூன்று வேர். பால்காரர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மாட்டு மடியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பல் வலிக்காரர்கள் டொக்டரிடம் போகும் வழியில் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நானும் போனேன். பல் வலிக்க முன்னமே போனேன். படம் பார்க்கத்தான். வெளியில் கல் மாதிரி இருக்கிற பல்லுக்குள்ளே உயிருள்ள நூல் ஓடுகிறது என்பதை அறுபத்தாறு வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லையே! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அங்கே மாம்பழத்துக்குள் புழு வரைக்கும்தான் படிப்பித்தார்கள்.

பிறகு என் முறை வந்தது. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல். நான் சபை சந்தியில் வாய் திறக்காதவள். சிரித்தாலும் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். வலியையும் அப்படியே மூடி, இடது பக்கத்தால் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். பழசண்ணன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"தங்கச்சி, தேத்தண்ணி குடிக்கக்குள்ள குத்துதா?"

"ஓம்."

"குடிச்சு முடிஞ்ச புறகு?"

"அப்பயும் நிண்டு வலிக்குது."

"மோட்டர நிப்பாட்டின புறகும் சத்தம் வருதெண்டா உள்ளுக்குத்தான் பிழ. டொக்டருட்டப் போகணும்."

நான் இரண்டடி பின்னுக்குப் போனேன். வலிக்குப் பயந்து அல்ல. என் கட்டுப்பல்லின் கொளுக்கி மாட்டியிருப்பது அந்தப் பல்லில்தான். அதைப் பிடுங்கினால் கட்டுப்பல் நிற்காது. கட்டுப்பல் நிற்காவிட்டால் குரவை போட முடியாது. வைகாசியில் அம்மனைக் குளிரப்பண்ணுகிற குளிர்த்திச் சடங்கில் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவையில், முதல் குரவை என்னுடையது. வருடம் முழுக்க மூடியிருக்கிற என் வாய் அன்றைக்கு மட்டும்தான் ஊர் கேட்கத் திறக்கும். குளிர்த்திக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது.

பழசண்ணன் என்னைத் தயார்ப்படுத்திய விதத்தைப் பார்த்தால் சத்திரசிகிச்சைக்குப் போகிறேன் என்று நினைப்பீர்கள். "சீனி வருத்தக் குளிசை, பிறசர் குளிசை எல்லாத்தயும் பையோட கொண்டுவா, காட்டணும். நீயா எதயும் நிப்பாட்டிப் போடாத. எந்த மருந்தும் ஒத்துவராட்டிச் சொல்லு. சாப்பிட்டுட்டு வா. விறைப்பு ஊசி போட்ட புறகு விறைப்பு விடுமட்டும் சூடு குடிக்காத, ஒண்டையும் சப்பாத. நான் சப்பினன். பணியாரமெண்டு நினைச்சு என்ட கன்னச் சொக்கயே கடிச்சிப்போட்டன்."

அவரே கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் அவரைக் கண்டதும், "ஐயா, நீங்க அதுக்குப் புறகு..." என்று தொடங்கினார். "இண்டைக்குத் தங்கச்சிட பல்லுத்தான்" என்று அண்ணன் வெட்டிவிட்டார். "அவக்குக் கேள்வி இரிக்கு. கேக்க வெக்கப்படுறா."

"அவவே கேக்கட்டும்" என்றார் டொக்டர்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "இதச் செஞ்சா குரவை போட ஏலுமா?"

"குரவையெண்டா?"

நான் எப்படிச் சொல்வது? பழசண்ணன் விளக்குகிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரவை போட்டார். ஐயோ, அது குரவையா? தண்ணீர் இல்லாமல் ஓடுகிற பம்ப். கதவுக்கு வெளியே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அம்மனுக்குப் போடுகிறதை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று எனக்குத் தாங்கவில்லை. வெட்கத்தை எங்கே வைத்தேனோ தெரியாது. கதிரையில் இருந்தபடியே தலையை நிமிர்த்திப் போட்டேன். முழுதாக, மூன்று தரம்.

வெளியில் குழந்தையின் அழுகை நின்றது. பிறகு ஒரு கிழவியின் குரல் மட்டும், "உள்ளுக்கு ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டது.

டொக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்து முடிய நேரம் எடுத்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். வேர் நன்றாக இருக்கிறது, பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆனால் நூற்றுக்கு நூறு என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று தடவை வர வேண்டும். கடைசியில் பல்லுக்கு மேலே மூடி போட்டு, கொளுக்கியையும் அதற்கேற்றபடி சரிபண்ண வேண்டும். நடுவில் வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார். ஊசி குத்தியது மட்டும்தான் தெரிந்தது. கையைத் தூக்க வேலை வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கடித்தால் நொந்தது. அப்படித்தான் இருக்கும், வீங்கினால் உடனே வரவேண்டும் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். பிறகு வலி போன இடம் தெரியவில்லை. நானும் அடுத்த தவணைக்குப் போகவில்லை. வலிக்காத பல்லை எதற்கு மறுபடியும் தோண்ட வேண்டும்?

பழசண்ணன் என் வீட்டு வாசல் கேற்றடியில் வந்து நின்றார். "என்ன தங்கச்சி, போகல்லயா?"

"வலி இல்லயே அண்ணன்."

"பம்ப்ப கழட்டி உள்ளுக்குள்ளத எடுத்துப்போட்டு மூடினா சத்தம் வராதுதான். தண்ணி வருமா? இப்ப போட்டிரிக்கிறது தற்காலிக அடைப்பு. அது கழண்டா எச்சில் உள்ளுக்குப் போகும், கிருமியும் போகும். வெளிக்கிடு!"

வெளிக்கிட்டேன். டொக்டர் என் பல்லின் அன்றைய வேலையை முடித்துவிட்டு, நழுவப் பார்த்த அண்ணனைப் பிடித்தார்.

"ஐயா, நில்லுங்க. உங்கட பல்லுக்கு மூடி போட வரச் சொல்லி எத்தின மாசம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஊருக்கே படம் வரைந்து வகுப்பு நடத்திய மனிதர், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணன், நீங்க போகல்லயா?" என்றேன்.

"மத்தவன்ட பம்ப்ப நான் கண்ணால பாத்துச் செய்யிறன். அவனும் நிண்டு பாக்கிறான்" என்றார் மெதுவாக. "என்ட வாய்க்குள்ள நடக்கிறத எனக்குப் பாக்கேலாதே, தங்கச்சி. அதான் ஒரு பயம்."

டொக்டர் அவரைக் கதிரையில் இருத்திப் பார்த்தார். மூடி இல்லாத பல், முந்தின கிழமை சோளப்பொரியில் வெடித்து வேர் வரைக்கும் பிளந்திருந்தது. எடுக்கத்தான் வேண்டும். அண்ணன் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "நீ பாத்துக்கொள், தங்கச்சி." நான் பார்த்தேன். கண்ணை மூடாமல், வீட்டுக்காரி மாதிரி நின்று பார்த்தேன்.

முடிந்ததும் டொக்டர் அந்தப் பல்லை நன்றாகக் கழுவி, மருந்துத் தண்ணீரில் போட்டெடுத்து, சின்னப் பை ஒன்றில் வைத்து நீட்டினார்.

"இந்தாங்க ஐயா, உங்கட பழசு."

பழசண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, தலையை மட்டும் ஆட்டினார். உதடு விறைத்திருந்தது என்றுதான் பிறகு என்னிடம் சொன்னார். கண் ஏன் நனைந்திருந்தது என்று நான் கேட்கவில்லை.

குளிர்த்தியன்று முதல் குரவையை நான்தான் போட்டேன். புது மூடியில் மாட்டிய கட்டுப்பல் அசையவில்லை. ஆண்கள் பக்கத்தில் பழசண்ணன், வாயைத் திறந்து பல் போன ஓட்டை தெரிய, பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது அவர் சித்தாண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. போன கிழமை என் கிணற்றுப் பம்ப் நிறுத்தின பிறகும் முனகியது. புதிதாக ஒருவர் வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கால் மணித்தியாலத்தில் திருத்தி, கழற்றிய பெயரிங்கைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். நான் கேற்று வரைக்கும் ஓடினேன்.

"தம்பி, பழசத் தந்துட்டுப் போங்க."

"இரும்புக்காரனுக்கும் உதவாது மாமி. உங்களுக்கு என்னத்துக்கு?"

"அண்ணன் வந்தாக் கேப்பார்" என்றேன்.