முப்பத்திரண்டு டோக்கனும் ஒரு கர்னலும்

உலகத்துப் படைத்தளபதிகள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தாலும், முதுகில் அண்டாவைக் கட்டிக்கொண்டு போருக்குக் கிளம்பியவர் எங்கள் கர்னல் ஒருவராகத்தான் இருப்பார். அவருடைய படையில் நான் ஏழாம் நம்பர். இத்தனை வருஷம் இதை வெளியே சொல்லாததற்குக் காரணம் தன்னடக்கம் இல்லை, வெட்கம்.

அம்பத்தூரை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்கிற சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. அங்கே கேன்டீன் மாஸ்டர்தான் கர்னல். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் அழுக்குத் துண்டு, மேலுதட்டில் இரண்டு ஊருக்குப் போதுமான மீசை. பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்தவர் என்பது சத்தியமான உண்மை. அங்கேயும் சமையல்தான் என்பதை மட்டும் அவர் அழுத்திச் சொல்வதில்லை.

எண்பத்து மூன்று ஆடி மாதம். இலங்கையில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்ற சேதி வந்து, அம்பத்தூரே கொதித்துப்போயிருந்தது. கடையடைத்தோம், ஊர்வலம் போனோம், தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். கர்னலுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு மேசைமேல் ஏறிவிட்டார்.

"சும்மா கத்திகினு இருந்தா இன்னாடா ஆவும்? அங்க சண்ட நடக்குது. நாம போவணும். யாரார் வர்றீங்க, கைய தூக்கு!"

முப்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. அதில் பாதி இன்னொரு அப்பளம் கேட்ட கை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் நிஜமாகவே தூக்கினேன். அன்றைக்கு அழக்கூடச் செய்தேன். அதனால்தான் பின்னால் நான் செய்த காரியம் இன்னும் கேவலம்.

இப்படிப் பிறந்தது 'அக்கரை மீட்பு முதலாம் தொண்டர் காலாட்படை'. இரண்டாம் படை எங்கே என்று கேட்டவனுக்கு மைதானத்தை மூன்று சுற்று ஓடச்சொல்லித் தண்டனை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பயிற்சி. துப்பாக்கிக்குப் பதில் துடைப்பக்கட்டை. கர்னல் அணிவகுப்பைக் கற்றதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக என்பதால், ஜன்னலுக்குத் தெரியாத பகுதிகள் அவருக்கும் தெரியாது. 'லெஃப்ட் டர்ன்' வரை கம்பீரமாகப் போகும். அப்புறம் எங்களை அப்படியே நிற்கவைத்துவிட்டு உப்புமாவைக் கிளறப் போய்விடுவார்.

ஒருநாள் எதிரி முகாமை நோக்கி மார்பால் ஊர்ந்துகொண்டிருந்தோம். நடுவில் ஆறு எருமைகள் வந்து நின்றன. பின்னாலேயே அவற்றை மேய்க்கிற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"இன்னா சார் இது? மாடு மெரளுது. ஒங்க சண்டைய கொஞ்சம் அந்தாண்ட வெச்சிக்கினா இன்னா?"

கர்னல் போரை நிறுத்தி எருமைகளுக்கு வழிவிட்டார். கடைசி எருமைக்கு சல்யூட்டும் அடித்தார்.

வருகைப் பதிவுக்குத் தொழிற்சாலை வழக்கத்தையே எடுத்துக்கொண்டார். எங்கள் கேட்டில் பலகை ஒன்று உண்டு. ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அதில் மாட்டினால் ஆள் ஆஜர். ஒருவன் வரத் தாமதமானால் இன்னொருவன் அவன் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிடுவான். ஆபீஸுக்கு அது திருட்டு, எங்களுக்கு அது சிநேகம். பிரஸ் ஷாப் கழிவுத் தகட்டில் படைக்கென்று முப்பத்திரண்டு டோக்கன் வெட்டினோம். பலகையைப் பொட்டல் வேப்பமரத்தில் அடித்தோம். பலகைக்குப் பொறுப்பு நான்.

பொங்கல் முடிந்ததும் கர்னல் அறிவித்தார்: வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. பாடி பஸ் ஸ்டாப் வரை நடை, அங்கிருந்து பஸ், எழும்பூரில் ரயில், ராமேஸ்வரத்தில் படகு.

சனிக்கிழமை என் லேத் பக்கம் முதலில் வந்தவன் டர்னர் மாணிக்கம்.

"மாமே, தலைவரு மெய்யாலுமே இட்டுகினு போய்டுவாரு போலகீதே! ஊட்ல அவளுக்கு மாசம் ஒம்போது. என் டோக்கன மட்டும் மாட்டிடு. ஒரு ஆள் கொறஞ்சா தெரியவா போவுது?"

அடுத்தவனுக்கு மச்சினன் கல்யாணம். அதற்கடுத்தவனுக்கு மூலம். தான் ஒருத்தன்தான் நழுவுகிறோம், மற்றவர்கள் போய்க்கொள்வார்கள் என்று ஒவ்வொருவனும் நம்பினான். ஷிப்ட் முடிந்தபோது என் பையில் முப்பத்தொரு டோக்கன். நேராக கேன்டீனுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஞாயிறு விடிந்ததும் பொட்டலுக்குப் போய் முப்பத்தொன்றையும் மாட்டினேன். என்னுடையதையும் மாட்டினேன். எதிர் டீக்கடையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு மணிக்கு கர்னல் வந்தார். காக்கி அரை நிஜார், முதுகில் அண்டா. பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. முப்பத்திரண்டும் ஆஜர்! பலகைக்கு சல்யூட் அடித்துவிட்டுக் காத்திருந்தார். ஏழு ஆனது. எட்டு ஆனது. ஒன்பது மணிக்கு எழுந்து ஒவ்வொரு நம்பராக உரக்கக் கூப்பிட்டார். பதில் வராத ஒவ்வொரு டோக்கனையும் கழற்றி அண்டாவில் போட்டார். "ஏழு!" என்றார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, "ஏழு!" நான் பேப்பரை இன்னும் மேலே தூக்கிக்கொண்டேன்.

கடைசி டோக்கனையும் போட்டுவிட்டு பாடிப் பக்கம் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அண்டாவில் டோக்கன்கள் குலுங்கின. அந்தச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பினார். பாதி ஆளாகக் கறுத்து இளைத்திருந்தார். கேன்டீன் வரிசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர் ஒவ்வொரு தட்டிலும் உப்புமாவுக்குப் பக்கத்தில் அவரவர் டோக்கனை வைத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது.

"படகு கெடைக்கல நைனா. அங்கேர்ந்து தப்பிச்சு வந்த ஜனம் மண்டபம் கேம்ப்புல பசியோட குந்திகினு இருந்திச்சு. எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன். ஒருத்தன்தான் வந்தேன்னு சொல்ல வெக்கமா பூட்ச்சு. முப்பத்திரண்டு பேருன்னுட்டேன். டோக்கன எல்லாம் ஆணில மாட்டி, தெனம் ஒருத்தன் பேரு சொல்லி ஒல வெச்சேன். ஒன் பேரு சொன்ன அன்னிக்கு கைக்கொழந்தகாரி ஒருத்தி மூணு தபா வாங்கி சாப்ட்டா."

"அன்னிக்கு... என்னைப் பாத்தீங்களா சார்?"

"பேப்பருக்குக் கீழ ஊதா வாரு செருப்பு. யாருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் சார் கூப்புடல?"

"கூப்ட்டனே. ரெண்டு தபா."

தட்டோடு நேராக நிமிர்ந்து நின்று, "ஏழு... ஆஜர், சார்" என்றேன்.

கர்னல் என் தட்டில் இன்னொரு கரண்டி உப்புமா வைத்தார்.