சேவலுக்குக் குறைத்த பத்து மார்க்கு

இந்த மாசி மகத்துக்குப் பெண்ணாடத்திலிருந்து ஒரு ஈ காக்கா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஆதிநாராயணன் சட்டம் போட்டார். பெண்ணாடம் என்றால் மனைவி செல்வநாயகியின் பிறந்த வீடு. பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கும் அவர், அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கோட்டை விட்டவர். திருவிழா பத்து நாளும் லீவு போட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால்தான் இந்தத் தடவையாவது கரையேற முடியும்.

"சரிங்க" என்றாள் செல்வநாயகி. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது அதுதான் முதல் தடவை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆஸ்திரேலியக் காட்டுப்புறத்து நகைச்சுவைப் பாட்டு என்ற பாடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தார். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தால் தனக்கும் புரிந்துவிடும் என்று, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊருல ஆடு மேய்க்கறவங்க பாட்டு, நாயகி. வாய் கொள்ளாத பொய்யச் சிரிக்காம சொல்லணும். கேக்குறவன் அதுக்கு மேல ஒரு பொய்யப் போடணும். இப்பப் பாரு, ஒருத்தன் வெயில்ல குதிரைய வுட்டு எறங்குறான். அவன் நெழலு மட்டும் எறங்க மாட்டேங்குது. தரை சுடுதாம்!"

"அதுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

ஆதிநாராயணன் அசந்துபோனார். "அதான் மேல்பொய்யி! எங்க, நீயா ஒண்ணு ஆரம்பி."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்ஸுல எங்கண்ணன் வராரு."

"ம்ம்... இன்னும் பெருசா."

"அண்ணியும் மூணு புள்ளைங்களும்."

"ஆங்!"

"எங்கம்மாவும். கூட ஒரு சேவலு. அது எங்கம்மா கையால போட்டாத்தான் திங்கும்."

அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "எத்தினி நாளைக்கு?"

"பத்து நாளுங்க."

"நான் ரூம அவங்களுக்குக் குடுத்துட்டு அடுப்படில படுத்துப்பேன்!"

"கட்டிலும் ஃபேனும்?"

"அதுவுந்தான்! தேரன்னிக்கு உங்கண்ணன் புள்ளைங்க மூணையும் நானே தூக்கிக்கிட்டுப் போவேன்!"

"நெசமாவா?"

"பழமலைநாதர் மேல சத்தியம்!"

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் உதடு கூட அசையவில்லை. தன் பாடம் இவ்வளவு நன்றாக இறங்கியதில் அவருக்கு ஏகப் பெருமை. "நூத்துக்குத் தொண்ணூறு! அந்தச் சேவலு மட்டும் கொஞ்சம் ஓவரு. நம்புற மாதிரி இல்ல."

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் குதித்தது சேவல். அப்புறம் மாமியார், பிள்ளைகள், அண்ணி. கடைசியாக இரண்டு பெட்டியோடு மச்சான் பாண்டியன்.

"ரூம்ல வைங்கண்ணே. அவரே சத்தியம் பண்ணிக் குடுத்தாரு" என்றாள் செல்வநாயகி.

ஆதிநாராயணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "நேத்து நீ பாட்டுதான சொன்னே?"

"நான் பாட்டுன்னு சொல்லவே இல்லியே. நீங்கதான் சிரிச்சீங்க."

அவருடைய புத்தகக் கட்டையும் பாயையும் கொண்டுபோய் அரிசிமூட்டை பக்கத்தில் போட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவள் சொன்னாள்:

"அந்தப் பத்து மார்க்கையும் போட்டுடுங்க."