நான் போட்ட நாத்தனார் முடிச்சு

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று முப்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் கைகளுக்காகச் சொன்ன பொய்கள்.

என் கை நடுங்கும். குளிராலும் இல்லை, பயத்தாலும் இல்லை, நரம்புக் கோளாறு. மடியில் கிடக்கும்போது சாதுவாக இருக்கும். ஒரு டம்ளரை எடுக்கப் போனால் ஆட ஆரம்பித்துவிடும். நாலு பேர் பார்த்தால் ஆட்டம் இன்னும் கூடும் (கூட்டம் கண்டால் குஷியாகிற கை!). சேலத்தில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா முழுசாப் போகாது. தினமும் காலையில மாத்திரை போட்டா குறையும்."

அம்மா, தம்பி பிரபு, என் வீட்டுக்காரர் மூவரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. பள்ளிபாளையத்தில் நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் நேர்கோடு வளைந்தால் "சாக்பீஸ் சரியில்லை" என்பேன். போகிற வீட்டில் காபி நீட்டினால் "பழக்கமில்லைங்க" என்பேன். (ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிறவள்.)

இந்த லட்சணத்தில் பிரபுவுக்குக் கல்யாணம். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டை அக்கா போட வேண்டும்.

"பெரியம்மா பொண்ணைப் போடச் சொல்லிரலாமா சாமி?" என்றாள் அம்மா, மெதுவாக.

"நான் இருக்கறப்ப இன்னொருத்தியா?" என்று குதித்தேன். ஒரு வாரம் பீரோ கைப்பிடியில் கயிறு கட்டிப் பழகினேன். பீரோவுக்கு நூறு தாலியாவது கட்டியிருப்பேன்.

கல்யாணத்தன்று விடியலில் முகூர்த்தம். மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. எனக்கோ இட்லி இறங்கவில்லை. 'தாலி கட்டி முடிஞ்சதும் போட்டுக்கலாம்' என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையின் உச்சபட்ச முட்டாள்தனம் அதுதான்.

கெட்டிமேளம் முழங்கியது. பிரபு முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நகர்ந்தான். மணப்பெண் கவிதாவின் பின்னால் குனிந்தேன். கயிற்றைத் தொட்டதுதான் தாமதம், இரண்டு கையும் தறி மாதிரி ஆடத் தொடங்கின.

"அக்கா, கையை அப்படியே வச்சிருங்க, குளோசப்!" என்று வீடியோக்காரர் முகத்தில் விளக்கை அடித்தார். (அப்படியே வைக்கத் தெரிந்தால் நான் ஏன் சாமி இந்தப் பாடு படுகிறேன்?)

அட்சதை மழைக்குள், "ஏனுங்க, அந்தப் புள்ளைக்குச் சாமி வந்திருச்சுங்கோ!" என்று ஓர் அம்மா கத்தினார். யாரோ ஓடிவந்து என் நெற்றியில் விபூதியை அப்பினார்கள். பாதி கண்ணில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டே இரண்டு முடிச்சையும் இழுத்து இறுக்கினேன். அப்பாடா என்று கையை எடுத்தேன். வரவில்லை. கயிற்றின் ஒரு நுனி என் தங்க வளையலுக்குள் நுழைந்திருந்தது. வளையலையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தேன். பீரோவில் பழகியதால் முடிச்சு இரும்பாக இருந்தது.

"அண்ணி, கழுத்து இழுக்குதுங்க" என்று கவிதா கிசுகிசுத்தாள்.

"வளையல் மாட்டிக்கிச்சும்மா. இறுக்கமான வளையல், கழட்டவும் வராது."

"கயித்தை அறுக்கவும் முடியாதுங்களே?"

"ஐயோ, தாலிம்மா அது!"

ஐயருக்கு எதுவும் தெரியாது. "நாழியாறது, கையைப் பிடிச்சுண்டு மணவறையை மூணு தரம் சுத்தி வாங்கோ" என்றார்.

கவிதாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், சிரிக்கிறாள்! "அப்ப நீங்களும் வாங்க அண்ணி" என்று எழுந்தே விட்டாள்.

முன்னால் பிரபு, நடுவில் கவிதா, அவள் பிடரியில் கையை வைத்தபடி குனிந்துகொண்டே நான். மூன்று சுற்று. இரண்டாவது சுற்றில் முன்வரிசையே வாய்விட்டுச் சிரித்தது. பிறகு கவிதாவின் அம்மா கிண்ணம் நிறைய நெய்யோடு வந்து என் கையில் தடவி உருவினார். கை வந்தது. வளையல் கவிதாவின் முதுகிலேயே தொங்கியது. "தாலியோட தங்கமும் போட்ட நாத்தனாரை இப்பத்தான் பாக்கறேன்" என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மெச்சினார். அதற்கப்புறம் திருப்பிக் கேட்கிற வாய் அம்மாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

பந்தியில் கவிதா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கை ஏனுங்க அண்ணி அப்படி நடுங்குச்சு?"

சாக்பீஸ், காபி போல ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். நெற்றி நிறைய விபூதியும் முழங்கை வரை நெய்யுமாக இருப்பவள் என்ன பொய் சொல்வது? உண்மையைச் சொன்னேன்.

"இவ்வளவுதானுங்களா? என்னைப் புடிக்காம கோவத்துல நடுங்கறீங்களோன்னு நான் பயந்தே போயிட்டேன்" என்றாள். உடனே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அண்ணிக்குப் பாயசம் டம்ளர்ல பாதியா ஊத்துங்க, ரெண்டு தடவையா ஊத்துங்க" என்று சொன்னாள். பந்தி முழுக்கக் கேட்டது. எனக்கோ, ஆச்சரியமாக, கூச்சமே வரவில்லை. முதல் தடவையாக நாலு பேர் முன்னால் சிந்தாமல் குடித்தேன்.

ஏழு வருஷமாகிவிட்டது. கை இன்னமும் நடுங்குகிறது. மாத்திரையை மட்டும் தவறவிடுவதில்லை. வகுப்பில் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன். கோடு போட ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்கிறார்கள்.

பிரபு எப்போதாவது கோபத்தில், "உன்னைக் கட்டிக்கிட்டேன் பாரு!" என்று ஆரம்பித்தால் போதும், கவிதா நிதானமாகச் சொல்வாள்:

"ஏனுங்க, உங்க முடிச்சு ஒண்ணு, அண்ணி முடிச்சு ரெண்டு. மெஜாரிட்டி அவங்களுக்குத்தான். நான் அவங்ககிட்டயே பேசிக்கறேன்."

அடுத்த நிமிஷம் என் போன் அடிக்கும். இதுவரை எல்லாத் தீர்ப்பும் கவிதா பக்கம்தான்.