உப்பலக்காவும் ஆறு கெபாசிட்டர்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இதுவரை செத்துப்போன கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் உப்பலக்காவின் அனுமதி இல்லாமல் செத்தவை என்பதே என் திடமான அபிப்பிராயம். அவரிடம் கொண்டுபோயிருந்தால் சாக விட்டிருக்க மாட்டார்.

மண்ணூர் போகும் சாலையில் டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே அவர் கடை. உள்ளே ஒரு ஆள் படுத்தால் கால் ரோட்டுக்கு வந்துவிடும். அக்காவின் நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த மதர்போர்டைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் "உப்பிக்கீது" என்பார். போர்டில் வரிசையாக நிற்கும் குட்டி உருளைகளுக்குக் கெபாசிட்டர் என்று பெயர். கரண்டைப் பிடித்துவைத்துச் சீராகக் கொடுப்பது அவற்றின் வேலை. வயசானால் தலை உப்பும், சமயத்தில் கசியும், கம்ப்யூட்டர் படுத்துவிடும். அப்படித்தான் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

சரிசெய்த போர்டுக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிக்கொள்வார். ஒருமுறை கெபாசிட்டர் வெடித்து நெற்றியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைக் கொண்டுபோய்விட்டதாம். வாடிக்கையாளருக்கு ஹெல்மெட் கிடையாது, டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். எட்டிப் பார்த்த ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், வாய்ப்பாடு ஒப்பிக்காத பையன்போல அரை மணி நேரம் வெயிலில் நின்றதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டி, இருங்காட்டுக்கோட்டையில் ரூம். ரூமில் ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்த பழைய கம்ப்யூட்டரை அக்கா பிழைக்கவைத்த வகையில் பழக்கம்.

எங்கள் பிளான்ட்டில் பைப்புகள் கசிகின்றனவா என்று சோதிக்கும் மெஷின் ஒன்று உண்டு. அதில் தேறாமல் ஒரு பைப்பும் கேட்டைத் தாண்ட முடியாது. அந்த மெஷினுக்கு மூளை ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு திங்கட்கிழமை காலை அது எழுந்திருக்கவே இல்லை. மெஷினை விற்றவர்கள் டை கட்டிய இன்ஜினியர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார், உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி மாட்டினார். இரண்டு நாள் கழித்து, சாஃப்ட்வேர் போய்விட்டது, முழுசாகப் புதுசு போட வேண்டும், வர ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

அந்த லைனில் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் கான்ட்ராக்ட். மெஷின் வரும்வரை வர வேண்டாம் என்று சொல்ல சூப்பர்வைசர் பெயர்ப் பட்டியலே எழுதிவிட்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள் என்று அவர்களில் ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்ததும் நேராக அக்காவிடம் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல எழுந்துக்க அடம் புடிச்சிகினு இருந்துச்சா? ஒரு தபா சூடாய்ட்டா அப்பால ஒழுங்கா ஓடுச்சா?"

ஒரு மாதமாகவே காலையில் பத்துத் தடவை பட்டனை அமுக்கித்தான் எழுப்பிக்கொண்டிருந்தோம். அதைச் சொன்னேன்.

"அப்ப சாஃப்ட்வேர் இல்ல, ஒண்ணியும் இல்ல. உப்பிக்கீது."

போர்டை வெளியே அனுப்ப மேனேஜர் சம்மதிக்கவில்லை. நான் கெஞ்சிய கெஞ்சலில், வேண்டுமானால் அந்த ஆளை இங்கே கூட்டிவா என்றார். மறுநாள் அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். செக்யூரிட்டி மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பியை நீட்ட, என் ஹெல்மெட்டுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டு, அதோடே உள்ளே நடந்தார்.

பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். இன்ஜினியர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிராசஸர் பக்கத்தில் ஆறு கெபாசிட்டர்கள், பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. போர்டு கனமானது, ஒரு சால்டரிங் அயர்ன் சூட்டுக்கு ஈயம் இளகவில்லை. இன்னொன்றையும் வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். இப்போது போர்டைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"சார், சும்மாதான நிக்கிறீங்க. இத்த கொஞ்சம் புடிங்க."

இன்ஜினியர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முக்கால் மணி நேரம் பிடித்தார். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் மைனஸ் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுக்கேட்டுப் புதுசை வைத்தார் அக்கா. மூன்றாவது கெபாசிட்டரிலிருந்து அவர் பதிலோடு "மேடம்" சேர்ந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது. மேனேஜர் உட்பட அனைவரையும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, பட்டனை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

லைனில் பன்னிரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள். சூப்பர்வைசர் பட்டியலை விரித்தார். அக்கா மட்டும் அவசரப்படவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, டார்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரேம் மெமரி செருகியிருந்த பக்கம் டார்ச் நின்றது.

"இத்த யாரு கழட்டி மாட்டுனது?"

இன்ஜினியர் தன் ஷூவை ஆராய ஆரம்பித்தார். அக்கா கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். டக் என்று உட்கார்ந்தது. மறுபடி பட்டன். ஃபேன் சுற்றியது, ஒரு "பீப்", திரையில் வெளிச்சம். முதல் பைப் உள்ளே போய்ப் பச்சை விளக்கோடு வெளியே வந்தபோது, யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை, லைன் மொத்தமும் தட்டியது. கன்வேயர் சத்தம் கேட்கவில்லை. சற்று நேரத்தில் சூப்பர்வைசர் அந்தப் பட்டியலில் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அங்கேயே அக்காவுக்கு மெயின்டனன்ஸில் வேலை தருவதாகச் சொன்னார்.

"நான் போன் கம்பெனி லைன்ல எட்டு வருசம் நின்னவ சார். அத்த மூடுனப்புறம்தான் உக்காந்துகினு வேல செய்றேன். திருப்பி நிக்க வெச்சிடாதீங்க."

மேனேஜர் தன் அறையிலிருந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டு, கேன்டீனுக்கு டீ சொன்னார்.

இப்போது நான் வடக்குப்பட்டுப் பக்கம் வேறொரு பிளான்ட்டில் இருக்கிறேன். எல்லாம் புது மெஷின்கள், எதுவும் கெட்டுத் தொலைவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு அக்கா கடைக்குப் போய் நின்றேன். என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஸ்டூல்மேல் அடுக்கியிருந்த நான்கு மதர்போர்டுகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு உட்கார இடம் கொடுத்தார்.