பத்து ரூபாய் ஆட்டத்தின் ஏழாவது விதி

சட்டம் எழுதுகிற எவனும் அது தன் தலையிலேயே விழும் என்று நினைத்து எழுதுவதில்லை. நானும் நினைக்கவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே சட்டம் ஒன்றரைப் பக்கம், பதினான்கு விதிகள். அதில் ஏழாவது விதி என் கல்யாணத்தையே காலி பண்ணப் பார்த்தது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டிராகன், மந்திரவாதி, பேய், பிசாசு என்று படம் போட்ட வெளிநாட்டு அட்டைகள். ஆளுக்கு அறுபது அட்டை அடுக்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து, என் டிராகன் உன் பேயை அடித்தது, உன் பேய் என் மந்திரவாதியை விழுங்கியது என்று ஆட வேண்டும். (ஆமாம், இருபத்தெட்டு வயதில்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) அட்டைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாதாரண அட்டை இரண்டு ரூபாய்க்கும் கிடைக்கும். அபூர்வமான ஒன்று நல்ல மிக்ஸி விலைக்குப் போகும். ஆக, காசுள்ளவனிடம்தான் நல்ல அட்டை சேரும், அவன்தான் ஜெயிப்பான்.

திண்டுக்கல்லில் இதை ஆடுகிறவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். நான், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற உத்தியோகம். ஜெரால்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடை மாடிதான் எங்கள் களம். மூன்றாவது முத்துப்பாண்டி, சித்தையன்கோட்டையில் கத்தரியும் வெண்டையும் போடுகிறவன். திடீரென்று அவன் வருவதை நிறுத்திவிட்டான். போன் போட்டுக் கேட்டேன்.

"ஏலே, நீங்க ரெண்டு பேரும் ஆயிரம் ரெண்டாயிரம்னு அட்டை வாங்குறீங்க. நான் ரெண்டு ரூவா அட்டைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு அடி வாங்குறது? நீங்களே ஆடுங்கப்பு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவனுக்காகத்தான் பத்து ரூபாய் ஆட்டத்தை உண்டாக்கினேன். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட அட்டை எதுவும் கூடாது என்பது முதல் விதி. ஆனால் விலையை யார் சரிபார்ப்பது? ஒரு இணையக் கடையில் எட்டு ரூபாய் என்பான், இன்னொருவன் பன்னிரண்டு என்பான். அறுபது அட்டைக்கும் பார்த்து முடிப்பதற்குள் திங்கட்கிழமை விடிந்துவிடும். யோசித்து யோசித்து, ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது ஏழாவது விதி உதித்தது. (சோப்பு நுரையோடு ஓடிவந்து எழுதி வைத்தேன்.)

"ஆட்டம் முடிந்ததும், மேஜையில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் பத்து ரூபாயை வைத்துவிட்டு, யாருடைய அட்டைக்கட்டிலிருந்தும் விரும்பிய ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். மறுப்பவர் ஒரு வருடம் ஆட்டத்துக்கு வெளியே."

பத்து ரூபாய்க்குப் பறிபோகும் என்று தெரிந்தால் எவன் விலை உயர்ந்த அட்டையைக் கொண்டுவருவான்? ஜெரால்டு அதை மூன்று பிரதி எடுத்து லேமினேட் பண்ணினான். முத்துப்பாண்டி திரும்பி வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டசபையில் இருக்க வேண்டியவன் இப்படி ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேனே என்று நாட்டுக்காக வருத்தப்பட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். அட்டைகள் சமமானதும் யாருக்கு மூளை இருக்கிறது என்பது தெரிந்துபோனது. முத்துப்பாண்டிக்கு இருந்தது. எட்டு ஞாயிறு தொடர்ந்து தோற்றேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சரண்யாவைப் பேசி முடித்தார்கள். ஒட்டன்சத்திரத்துப் பெண். அவள் அப்பா காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் போய், பையன் ஞாயிறு தவறாமல் பஸ் ஸ்டாண்டு மாடியில் சீட்டாடுகிறான் என்று ஊதிவிட்டான்.

சரண்யா போன் செய்தாள். "எங்க சித்தப்பா சீட்டாடியே தோட்டத்தை வித்தவருங்க. அதுலருந்து அப்பாவுக்குச் சீட்டுன்னாலே ஆகாது. நீங்க ஆடுறது அதில்லைன்னு சொல்லிட்டனுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நேர்ல பாக்கோணும்னு வர்றாரு. அவருக்குச் சரிப்படலைன்னா நிச்சயத்தை நிறுத்திப்போடுவாரு." அது நின்றுவிடக் கூடாது. பார்த்த அன்றே அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? அன்றைக்கு ஆட்டத்தையே ரத்து செய்துவிட்டு மாமனாருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பான். நானோ, வரப்போகிற மாமனார் முன்னால் தோற்றால் மானம் போய்விடும் என்று முடிவு செய்தேன். என்னிடம் ஒரு டிராகன் அட்டை இருந்தது. தீபாவளி போனஸில் மூவாயிரம் ரூபாய்க்கு யாருக்கும் தெரியாமல் வாங்கியது. ஜப்பான் மொழியில் அச்சடித்தது என்பதால் பார்க்கிறவனுக்கு எதுவும் புரியாது. அதை என் கட்டுக்குள் செருகினேன். நான் எழுதிய முதல் விதியை நானே மீறுகிறேன் என்பது மனசில் உறைக்கவே இல்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஆட்டம் களைகட்டியிருந்தது. ஜெரால்டின் பேய் அட்டை மேல் முத்துப்பாண்டிக்கு ஒரு கண். ஆட்டம் முடிந்ததும் பத்து ரூபாயை மேஜையில் அடித்து வைத்தான். ஜெரால்டு ஆத்திரத்தில், "அப்ப உன் மந்திரவாதி எனக்குடா!" என்று தன் பத்து ரூபாயை அடித்து வைத்தான். மேஜையில் இரண்டு நோட்டு, கையில் அட்டைகள், வாயில் கத்தல். நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படி வாசலில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகச் சரண்யாவின் அப்பா நிற்கிறார்.

"சொன்னது சரியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கப் போனார்.

லேமினேட் செய்த விதித் தாளை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். "மாமா, காசு விளையாடக் கூடாதுன்னுதான் காசு வைக்கிறோம் மாமா!" என்றேன். (இன்றுவரை அந்த வாக்கியத்தை விளக்க என்னால் முடிந்ததில்லை.)

அவர் கண்ணாடியை மாட்டி, நின்றபடியே பதினான்கு விதிகளையும் உதடசைய வாசித்தார். ஏழாவதை இரண்டு முறை வாசித்தார்.

"ஏனுங்க தம்பி, மேஜையில உக்காந்திருக்கற யாரும்னு போட்டிருக்குதுங்களே. நான் உக்காந்தாலும் செல்லுமுங்களா?"

"தாராளமா செல்லும், உக்காருங்கய்யா" என்று முத்துப்பாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அடுத்த ஆட்டம் எனக்கும் முத்துப்பாண்டிக்கும். நடுவில் டிராகன் வந்து விழுந்தது. அது என்ன செய்யும் என்று ஜப்பான் மொழியைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிச் சொன்னேன். முத்துப்பாண்டியின் படை மொத்தமும் எரிந்து சாம்பலானது. எட்டு வாரத்துக்குப் பிறகு ஜெயித்தேன். பெருமையாக மாமனார் பக்கம் திரும்பினேன்.

அவர் என் டிராகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்த அட்டைக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறை. இதுக்கு மட்டும் ரெண்டு போட்டிருக்கறீங்க. மண்டியில தக்காளி இறக்கறப்ப நான் தக்காளியைப் பாக்க மாட்டனுங்க. எந்தப் பெட்டியைப் பதனமா இறக்கறாங்கன்னுதான் பாப்பேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து, நீவி, மேஜையில் வைத்தார். "இதைக் குடுத்துருங்க."

என் கை தானாகவே அட்டையைப் பொத்திக்கொண்டது. "அது மட்டும் முடியாதுங்க மாமா" என்றேன்.

"மறுப்பவர் ஒரு வருடம் வெளியே" என்று ஜெரால்டு தாளைப் பார்த்து வாசித்தான். வாசித்த பிறகுதான் அவனுக்கே விஷயம் புரிந்தது. "டேய், பத்து ரூவா அட்டைய எதுக்குடா இப்படிக் கட்டிப்பிடிக்கிற?"

"எத்தனைங்க தம்பி, வெளிய இது?" என்றார் அவர்.

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மூவாயிரம்" என்று வந்தது.

முத்துப்பாண்டி தன் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். "எனக்காகத்தான இந்த ஆட்டத்தை வச்ச? நீயே இப்படிச் செஞ்சா எப்படிலே?" என்றான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான். அந்த நிமிஷம் கல்யாணம்கூட மறந்துபோய், வெட்கத்தில் தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். டிராகனை எடுத்து மேஜை மேல் தள்ளினேன். "தப்புத்தான் முத்து" என்றேன்.

அவர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நிச்சயம் நின்றுவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"சூதாடுற ஆளோன்னு பயந்துதானுங்க வந்தேன்" என்றார். "இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நீங்க நெசமாவே சூதாடியிருந்தா, இந்நேரம் நடுத்தெருவுல நின்னுருப்பீங்க. நீங்க நினைக்கறது அம்புட்டும் நெத்தியில எழுதியிருக்குது. எம்பொண்ணுக்கு அது போதுமுங்க. வர்றனுங்க மாப்பிள்ளை."

அதுவரை தம்பி என்றவர் மாப்பிள்ளை என்றது எனக்கு உறைக்கவே நேரமாயிற்று. அதற்குள் அவர் கீழே இறங்கி பஸ் ஏறியிருந்தார்.

அட்டையைத் திருப்பித் தருவார் என்று கல்யாணம் வரைக்கும் எதிர்பார்த்தேன். அது மண்டியில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. யாரோ அதற்குக் குங்குமம் வேறு வைத்துவிட்டார்கள். ஜெரால்டும் முத்துப்பாண்டியும் என்னை ஒரு வருடம் முழுசாக வெளியே வைத்தார்கள். ஞாயிறுதோறும் அவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிவந்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். மாமனார் வீட்டில் கறி விருந்து என்றால், மச்சினன் என் இலை ஓரத்தில் பத்து ரூபாயை வைத்துவிட்டு ஈரலை எடுத்துக்கொண்டு போவான். சரண்யா தடுக்க மாட்டாள். சிரிப்பாள்.

மகள் பிறந்தாள். முதல் பிரசவத்துக்குப் பிறகு தாயும் குழந்தையும் தாய்வீட்டில் ஐந்து மாதம் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று சரண்யா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். குழந்தை என் கையில். கொடுக்க மனசில்லாமல், கண் கலங்கி, ஏதேதோ சாக்குச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்தார். ஒரு பத்து ரூபாய்த் தாளை என் சட்டைப் பையில் செருகிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

கொடுத்துவிட்டேன். மறுத்தால் ஒரு வருடமாயிற்றே, அதற்கு ஐந்து மாதம் தேவலை.