பூஜையில் இருந்த கம்ப்யூட்டர்

தா.பழூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், இரண்டாயிரமாவது ஆண்டு சரஸ்வதி பூஜையன்று, நாட்டின் எதிர்காலம் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. பிரித்தால் கம்ப்யூட்டர். தலைமையாசிரியர் செல்லதுரை பரவசமாகிப் பொட்டு வைத்து, மாலை போட்டு, புத்தகங்களோடு அதையும் பூஜையில் வைத்துவிட்டார். மறுநாள் மறுபூஜை செய்து எடுத்திருக்க வேண்டும். கல்வி அதிகாரியின் திருக்கரத்தால்தான் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதிகாரியோ, ‘தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று பதில் எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து வெற்றிச்செல்வி வந்தாள். அரியலூர்க்காரி, கல்வியியலில் எம்.ஃபில். மாணவி. ‘கணினிவழிக் கற்றலும் மாணவர் அடைவும்’ என்பது ஆய்வு; அடைவு என்றால் மதிப்பெண். அந்த வருடமே ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டமும் போச்சு, பட்டத்தை நம்பிச் சொல்லிவைத்த விரிவுரையாளர் வேலையும் போச்சு. பாவம், நேரே செல்லதுரையிடம் போய் நின்றாள்.

“சார், பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல படிக்கிறதைப் பாக்கணும்ங்க.”

“பூஜையில இருக்குறதைத் தொடலாமாம்மா? சாமி குத்தம் ஆயிடும். ஆடிட் வேற இருக்கு.”

“அப்ப அதை வெச்சு என்னதாங்க பண்றாங்க?”

“காலையில மூணு சுத்து சுத்திட்டுக் கன்னத்துல போட்டுக்குவாங்க. பத்தாவது ‘அ’ பிரிவு மட்டும். ‘ஆ’ பிரிவு சேட்டை ஜாஸ்தி, உள்ளயே வுடுறதில்ல.”

வெற்றிச்செல்விக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஒரு பிரிவு சுற்றுகிறது, மறு பிரிவு சுற்றவில்லை! தலைகீழாக நின்றாலும் கிடைக்காத சோதனைக் குழுவும் கட்டுப்பாட்டுக் குழுவும் தாமாகவே வாய்த்துவிட்டன. காலாண்டு மதிப்பெண்களை ஒப்பிட்டாள். சுற்றிய பிரிவு எங்கேயோ உயரத்துக்குப் போயிருந்தது. சுற்றுவதற்காகச் சீக்கிரமே வந்தவர்கள், கதவு திறக்கும்வரை போதுபோகாமல் பாடம் படித்தார்கள் என்பது சில்லறை விஷயம். அதை விட்டுவிட்டாள்.

முடிவு கம்பீரமாக வந்தது: கணினி அடைவை உயர்த்துகிறது, மின்சாரம் அவசியமில்லை. பரிந்துரை: பள்ளிதோறும் ஒரு கணினி, ஒரு கட்டி சூடம்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் அழகேசன் மகா கண்டிப்பானவர் என்று பேச்சு. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அவரோ ஆய்வேட்டைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். தபாலில் போன பார்சல் பிரிக்கப்படவே இல்லை. மேலே சந்தனம், குங்குமம்.

“பிரமாதமான ஆய்வும்மா!”

“ஐயா… படிச்சுப் பாக்கலிங்களா?”

“சரஸ்வதி பூஜையன்னிக்கு வந்து சேந்துச்சு. துணைவேந்தர் கையால எடுக்கணும்னு வெச்சேன், அவரு வரல. பூஜையில இருக்குறதைப் படிக்கலாமா?”

வெற்றிச்செல்விக்குப் போன உயிர் திரும்பியது. மேசையை மூன்று சுற்றுச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதல் வகுப்பு.

வேலையும் கிடைத்தது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கெல்லாம் இப்போது அவள்தான் ஆசிரியை.