இருபத்து நான்கு முழங்கால்களும் ஒரு பொடியும்

இருதயநாதனுக்கு ஒரு கிலோ போலி மருந்து தேவைப்பட்டது. எந்த வியாதிக்கும் எந்த உடம்புக்கும் துளிகூட நன்மை செய்யாத பொடியாக அது இருக்க வேண்டும். அதைத் தன் வீட்டு அடுப்படியில் தேடியதுதான் அவர் செய்த முதல் தவறு.

"வெந்தயத்தை அரைச்சா?" என்றார்.

"மூட்டுக்கு அதைவிட நல்ல பொருள் கெடையாதுங்க," என்றாள் அவர் மனைவி ஜோஸ்பின், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"உளுந்து?"

"எலும்புக்கு."

"கேப்ப மாவு?"

"சுண்ணாம்புச் சத்து."

"கொள்ளு?"

"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க? ஒடம்பு எளைச்சா முட்டிக்கும் பாரம் கொறையும்ல."

"ஏன் ஜோஸ்பின், ஒண்ணுத்துக்கும் ஆகாத பொருள் ஒண்ணுகூடவா இந்த வீட்டுல இல்ல?"

ஜோஸ்பின் அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

விவகாரம் ஜோஸ்பினின் முழங்காலில் தொடங்கியது. வலது மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஜோஸ்பினோ சாணார்பட்டி பொம்மையன் வைத்தியரின் முடக்கத்தான் பொடியே போதும் என்றாள். மே மாதம் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியரான இருதயநாதனுக்கு இது பொறுக்கவில்லை.

"மூலிகையில மருந்தே இல்லைன்னு நான் சொல்லல. இருக்கலாம். ஆனா ஆதாரம் வேணும்ல?"

"நீங்கதான் முப்பத்தஞ்சு வருசம் சோதனைச்சாலையில நின்னவராச்சே, சோதிச்சுக் காட்டுங்க. பொடி வேலை செய்யலைன்னு நிரூபிச்சா மறுபேச்சுப் பேசாம ஆப்பரேசனுக்கு வாரேன். முடியலைன்னா, நீங்க அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

இருதயநாதன் ஒப்புக்கொண்டார். மொட்டை மாடியில் துணி காயப்போட அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறும்போதெல்லாம் அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சிக்கு ஒரு முடிவு வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

சோதனைக்கு முழங்கால்கள் வேண்டுமே? அதற்குப் பஞ்சமில்லை. அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில் மூட்டுவலிக்காரப் பெண்கள் மட்டும் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஆறு பேருக்கு நிஜப் பொடி, ஆறு பேருக்குப் போலிப் பொடி. யாருக்கு எது என்று தின்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. அப்போதுதான் வேலை செய்வது பொடியா, மனசா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

போலிக்கும் கடைசியில் வழி பிறந்தது. பேக்கரி ரஸ்க், மூன்று தடவை கொதித்துச் சத்தெல்லாம் போன டீத்தூள், பலகாரத்துக்குப் போடும் பச்சைக் கலர். மூன்றையும் மிக்சியில் அடித்துக் காட்டியபோது ஜோஸ்பின் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு குணமும் கெடையாது," என்று சான்றிதழ் கொடுத்தாள்.

அன்பியத் தலைவி அமலராணி சீட்டுக் குலுக்கிப் பொட்டலம் போட்டுப் பெயர் எழுதினாள். யாருக்கு எந்தப் பொடி என்ற விவரத்தை ஒரு பெட்டியில் வைத்து, திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைப் பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்தாள். அவள் வாயையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் தேவலை என்று இருதயநாதனுக்குத் தோன்றியது. ஆனால் ஆச்சரியமாக அவள் மூச்சுவிடவில்லை.

மூட்டு தேறியதா என்று அளக்க அவரே ஓர் அளவுகோல் கண்டுபிடித்தார். அது ஜெபமாலை மாதமான அக்டோபர். தினமும் மாலையில் ஒரு வீட்டில் கூடி, பத்து மணி உருட்டினால் ஒரு 'பத்து' என்ற கணக்கில் ஐந்து பத்து சொல்வார்கள். எத்தனை பத்து வரைக்கும் ஒருவரால் முழங்காலில் நிற்க முடிகிறது? முதல் நாள் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் ஒரு பத்து. இரண்டு பேர் பாதியிலேயே நாற்காலிக்குப் போய்விட்டார்கள்.

நாலாம் நாள் ஐரின் வீட்டில் ஜெபம். முடிந்து டீ குடிக்கும்போது நடுவில் தாம்பாளம் ஒன்று இருந்தது. அதில் பன்னிரண்டு பேரின் பொடியும் குவிந்து கிடந்தது.

"என்னம்மா இது?" என்றார் இருதயநாதன்.

"பக்கத்து வீட்டுக்காரி பொடி காரலா இருந்துச்சு சார், என்னது கொஞ்சம் இனிச்சுச்சு," என்றாள் ஐரின். "கொழம்பு வெஞ்சனத்தைக்கூடப் பங்கு வச்சுத் திங்கிறவங்க நாங்க. மருந்தைத் தனியாத் தின்னா நல்லாருக்குமா?"

மறுபடி பொடி, மறுபடி ரஸ்க், மறுபடி சீட்டு. இந்த முறை ஏமாறக் கூடாது என்று அவரே காலை ஆறு மணிக்கு வெந்நீர் பிளாஸ்க்கும் ஸ்பூனுமாகக் கிளம்பினார். பன்னிரண்டு வீட்டிலும் நின்று, கண் முன்னால் விழுங்கவைத்தார். பன்னிரண்டு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அந்த வீட்டு ஆண்களும் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்கு நெஞ்செரிச்சல், ஒருவருக்கு மருமகன்.

"நான் வைத்தியர் இல்லப்பா, பரிசோதகர்," என்று மன்றாடினார்.

"சும்மா சொல்லுங்க சார், ஒங்க கைராசிய நாங்க வெளிய சொல்ல மாட்டோம்," என்றார்கள்.

அவரவர் கணக்கை எல்லாரும் கண்ணால் பார்த்தால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்து, தினமும் ஜெபம் முடிந்ததும் யார் எத்தனை பத்து நின்றார் என்று சத்தமாக வாசித்தார். வந்தது வினை. அன்றிலிருந்து முதலில் எழுந்திருக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை. மாதா முன்னால் அமலராணியைவிட நான் குறைந்தவளா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணில் நீர் வழிந்தது. பக்தி என்று சொல்லிக்கொண்டார்கள்.

முப்பத்தோராம் தேதி பெட்டியைத் திறந்தார்கள். நிஜப் பொடி தின்ற ஆறு பேரும் ஐந்து பத்தும் நின்றிருந்தார்கள். ரஸ்க் தின்ற ஆறு பேரும் ஐந்து பத்தும் நின்றிருந்தார்கள். பொடியே தின்னாமல், மகள் வீட்டிலிருந்து அன்றைக்குத்தான் வந்திறங்கிய அமலராணியின் சம்பந்தியம்மாளும் ஐந்து பத்து நின்றிருந்தாள்.

"பாத்தீங்களா, பொடி வேலை செய்யுது," என்றாள் ஜோஸ்பின்.

"ரஸ்க்கும்தான் வேலை செஞ்சிருக்கு!"

"அப்ப ரஸ்க்கையும் ஒரு பாக்கெட் வாங்கிப் போடுங்க."

இருதயநாதன் நோட்டை மூடினார். பொடி வேலை செய்கிறதா இல்லையா என்று இந்தச் சோதனையை வைத்து அந்த மாதாவாலும் சொல்ல முடியாது. அவருக்கு அது தெரியும். கொடுத்த வாக்கின்படி இனி ஆப்பரேசன் என்று வாயைத் திறக்கவும் முடியாது. மறுநாள் ஜோஸ்பின் ஈரத் துணி வாளியோடு படியேறினாள். மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். அவருக்குத் தாங்கவில்லை. நான் தோற்றதற்கு இவள் வலி அனுபவிப்பதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வாளியை வாங்கித் தானே காயப்போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

முன்மேசையில் ஷமா என்ற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். வியர்த்து வழிந்த மனிதரைப் பார்த்து நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"ஏம்மா, ஜோஸ்பின்னு ஒரு பேசண்ட், வலது முட்டி. ஆப்பரேசனே வேணாங்கிறா. நான் பேச முடியாதபடி மாட்டிக்கிட்டேன். டாக்டரு ஒரு தடவை வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசுனாருன்னா புண்ணியமாப் போகும்."

ஷமா பதிவேட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, நிமிர்ந்து அவரைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா போன மாசமே வந்து நாள் குறிச்சுட்டாங்களே சார், வர்ற பதினாலாம் தேதி, 'அதுவரைக்கும் அவருகிட்ட மூச்சுவிட்றாதம்மா, ரிட்டயர் ஆனதுலேருந்து சோறு தண்ணி எறங்காம செவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுசன், பொம்மையன் பொடி அவருக்கு நல்லா வேலை செய்யுது'ன்னாங்க."